நோயாளி வேடத்தில் ஓர் ஏலக்காரர்

ஜனவரி 11

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும்,

இங்கே நானும் உங்கள் மகனும் சுகம். அவருக்குச் சளி விட்டுவிட்டது, குறட்டை விடவில்லை. உங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது மாமா? அத்தை வேளாவேளைக்குச் சாப்பிடுகிறார்களா?

ஒரு நல்ல செய்தி, கூடவே ஒரு வேண்டுகோள். பார்மசி படிக்கும் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தும் முறையைச் சீர்படுத்த ஆராய்ச்சி நிதி கேட்டிருந்தேன் அல்லவா, ஒரு வருஷத்துக்குக் கிடைத்துவிட்டது. எங்கள் பிள்ளைகள் மருந்தின் பெயரைச் சொன்னால் அதன் ஜாதகத்தையே ஒப்பிப்பார்கள். ஆனால் எதிரே ஒரு மனுஷர் வந்து நின்றால் ‘காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு’ என்று மாத்திரையைக் கையில் திணிப்பதோடு சரி. வேறு என்ன மாத்திரை சாப்பிடுகிறீர்கள், உடம்புக்கு என்ன செய்கிறது என்று கேட்க வாய் எழாது. அதற்காக ஓர் அறையை மருந்துக்கடை போலவே அமைத்து, நோயாளியாக நடிக்க ஆட்களை வைத்துப் பழக்குகிறோம்.

அதற்குப் பலன் உண்டு என்று காட்ட வேண்டும். என் கல்லூரியில் செய்தால் என் பிள்ளைகளுக்கு நானே மார்க் போட்டதாகிவிடும். அதனால் உங்கள் ஊர்க் கல்லூரியில் நடக்கிறது. பிள்ளைகளை இரண்டு அணியாகப் பிரித்து, ஓர் அணி அந்த அறையில் பழகுகிறது. இன்னோர் அணி வழக்கம்போல வகுப்பில் மட்டும் படிக்கிறது. முடிவில் இரண்டு அணிக்கும் ஒரே தேர்வு, ஒரே நோயாளி. பழகிய அணி நன்றாகச் செய்தால் நிதி தொடரும், எல்லாப் பிள்ளைகளுக்கும் அறை திறக்கும். இல்லாவிட்டால் அங்கே உடைந்த நாற்காலிகளைப் போட முதல்வர் காத்துக்கொண்டிருக்கிறார்.

அந்த ஒரே நோயாளியாக நீங்கள் வருவீர்களா? வயசானவர், ஞாபகம் பிசகாதவர் வேண்டும் என்று அங்கே தேர்வை நடத்தப்போகும் மேடம் கேட்டதும் எனக்கு வேறு யார் முகமும் தோன்றவில்லை.

பதிலுக்குக் காத்திருக்கும்,
உங்கள் மருமகள்


ஜனவரி 20

அன்பு மருமகளுக்கு,

மாமா சொல்ல அத்தை எழுதுவது. நாங்கள் இருவரும் நலம். முழங்கால் இருக்க வேண்டிய இடத்தில் இருக்கிறது. உங்கள் இருவர் நலத்தையும் எழுதிக்கொண்டே இருக்கவும்.

போனிலேயே பேசலாமே என்று உன் புருஷன் சொல்கிறான். மண்டியில் ஏலம் விட்டுப் பழகிய தொண்டை அம்மாடி இது. நான் அலோ என்றாலே அவன் போனை ஒரு முழம் தள்ளிப் பிடிக்கிறான் என்று எனக்குத் தெரியாதா? கடிதமென்றால் இன்னொரு தரம் வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்கொள்ளலாம். (இன்னொரு தரமா? உன் கடிதத்தை நேற்று முழுக்க வாசித்துத் தொண்டை கட்டிவிட்டது. அத்தை.)

வருவேனா என்று கேட்கலாமா? வந்தாகிவிட்டது. எழுத்துதான் என் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லையே தவிர, காதில் ஒருமுறை விழுந்தது என்னைவிட்டுப் போகாது. தக்காளி ஏலத்தில் எந்தக் கூடையை யார் எந்த மூலையில் நின்று கேட்டான் என்பது வரை இன்னும் தலைக்குள் இருக்கிறது. என் கல்யாணத்தன்று உன் அத்தை என்ன நிறத்தில் கட்டியிருந்தாள் என்றுகூடச் சொல்வேன், பச்சை. (நீலம். அத்தை.)

மேடத்தைப் போய்ப் பார்த்தோம். மேசையில் ஒரு மணி வைத்திருக்கிறார், தட்டினால் நேரம் முடிந்தது என்று அர்த்தமாம். நான் மணி மேடம் என்று பெயர் வைத்துவிட்டேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, இவர் போதும் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. இந்த வயசில் வேலைக்கு எடுத்திருக்கிறார்கள்.

ஆசீர்வாதங்களுடன்,
மாமா


பிப்ரவரி 3

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதம் கண்டு எங்கள் வீடு முழுக்கச் சிரிப்பு. அத்தை பெயரளவில் நலம் என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடுகிறார்கள், அவர்களைப் பற்றி ஒரு வரி கூடுதலாக எழுதச் சொல்லுங்கள்.

உங்கள் வேடத்தை இங்கே எழுதுகிறேன், அத்தை வாசித்துக் காட்டட்டும். உங்களுக்குப் புதிதாக இரத்தக் கொதிப்பு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். அதை வாங்கக் கடைக்கு வருகிறீர்கள். ஏற்கெனவே மூட்டு வலிக்கு நீங்களே ஒரு மாத்திரை வாங்கித் தினமும் விழுங்குகிறீர்கள். இரண்டும் சேர்ந்தால் ஆபத்து. ‘வேறு மாத்திரை சாப்பிடுகிறீர்களா’ என்று மாணவர் கேட்டால் மட்டும் அதைச் சொல்ல வேண்டும். கேட்காவிட்டால் வாங்கிக்கொண்டு பேசாமல் போய்விட வேண்டும்.

இதுதான் உயிர்நாடி மாமா. எல்லாருக்கும் ஒரே முகம், ஒரே பதில். கேட்காததைச் சொல்லக்கூடாது. யார் எந்த அணி என்று உங்களுக்கும் தெரியாது, தெரிந்துகொள்ளவும் வேண்டாம்.

அன்புடன்,
உங்கள் மருமகள்


மார்ச் 6

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

தேர்வு முடிந்தது. முதலில் ஒத்திகையைச் சொல்கிறேன். நான் மூட்டு வலிக்காரன் என்றதும் கொஞ்சம் நொண்டினேன். அதோடு இருமினேன். மணி மேடம், இருமல் எதற்கு என்றார். வயசானவனுக்கு ஒரு இருமலாவது வேண்டாமா என்றேன். இருமினால் பிள்ளைகள் இருமல் மருந்தை எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று அதை வெட்டிவிட்டார். நொண்டல் மட்டும் மிஞ்சியது. (அது நடிப்பில்லை. அத்தை.)

பிள்ளைகளை நீ பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொருவராக வெள்ளைக் கோட்டு மாட்டிக்கொண்டு, கடை மேசைக்குப் பின்னால் நின்று, வாங்க அய்யா என்று சொல்வதற்குள் வேர்த்துப்போகிறார்கள். ஒருத்திக்குக் கை நடுக்கத்தில் மாத்திரை அட்டை தாளமே போட்டது. இன்னொருவன் என்னிடமே, அய்யா எனக்குத் தண்ணி வேணும் என்றான். மணி மேடம் என் முதுகுக்குப் பின்னால் உட்கார்ந்து, அவர்கள் கேட்கிற கேள்விக்கெல்லாம் மார்க் போட்டுக்கொண்டிருந்தார்.

ஆனால் ஒன்று. எத்தனை உளறினாலும், கடைசியில் ஒருத்தர் பாக்கியில்லாமல் எல்லாரும் அந்தக் கேள்வியைக் கேட்டுவிட்டார்கள். ஒருத்தரும் தோற்கவில்லை. உன் திட்டம் வெற்றி, எழுதி வைத்துக்கொள்.

மகிழ்ச்சியில் திளைக்கும்,
மாமா


ஏப்ரல் 17

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம். உன்னிடமிருந்து கடிதம் வந்து எவ்வளவு நாளாயிற்று. உடம்பு கிடம்பு சரியில்லையா? உன் புருஷனிடம் போனில் கேட்டால், வேலை அதிகம்ப்பா என்று இழுக்கிறான். அவன் இழுத்தால் ஏதோ இருக்கிறது. சின்ன வயசில் கணக்கில் கோட்டை விட்ட அன்றும் இப்படித்தான் இழுப்பான்.

இங்கே கடைத்தெருவில் பிள்ளைகள் என்னைப் பார்த்தால் ஓடி வந்து வணக்கம் சொல்கிறார்கள். நடுக்கக்காரி இருக்கிறாளே, அவள் தன் அம்மாவிடம், இவர்தான் எங்க பேஷண்ட் என்று காட்டினாள். அந்த அம்மா பதறிப்போய் எனக்கு என்ன வியாதி என்று கேட்டார். உன் திட்டத்தில்தான் இருக்கிறது, எனக்கு இல்லை என்றேன்.

ஒரு வரியாவது எழுது. (உண்மையிலேயே காத்திருக்கிறோம் கண்ணு. அத்தை.)

உன் கடிதத்தை எதிர்பார்த்தபடி,
மாமா


ஏப்ரல் 29

அன்புள்ள மாமாவுக்கு,

உடம்புக்கு ஒன்றுமில்லை. மனசுதான் சரியில்லை. உங்களை எதற்குக் கலங்கடிக்க வேண்டும் என்று எழுதாமல் இருந்தேன்.

மதிப்பெண்களைக் கூட்டிப் பார்த்தோம். இரண்டு அணியும் ஒரே மார்க். வாரக்கணக்கில் அறையில் பழகிய அணிக்கும், அந்த அறையை எட்டிக்கூடப் பார்க்காத அணிக்கும் ஒரு வித்தியாசமும் இல்லை. அப்படியென்றால் அறையால் பலனில்லை என்றுதான் அர்த்தம். நிதிக்குழு அதைத்தான் எழுதியிருக்கிறது. அடுத்த வருஷத்துக்குத் தருவதற்குக் காரணம் எதுவும் தெரியவில்லை என்று மரியாதையாகச் சொல்லிவிட்டார்கள். அங்கே முதல்வர் இப்போதே மேடத்திடம் அறையின் சாவியைக் கேட்கிறாராம்.

எனக்கு ஒன்று மட்டும் உறுத்துகிறது. பழகாத பிள்ளைகள், அதிலும் வேர்த்து நடுங்கிய பிள்ளைகள், ஒருத்தர்கூட அந்தக் கேள்வியை விடாமல் கேட்டது எப்படி? கோபமில்லாமல் கேட்கிறேன் மாமா. அவர்கள் கேட்க மறந்து, மாத்திரையை நீட்டியபோது நீங்கள் என்ன செய்தீர்கள்?

உங்கள் மருமகள்


மே 7

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

என்ன செய்தேன் என்றா கேட்கிறாய். என்ன செய்வது, என் தொழிலைச் செய்தேன். நீ சொன்னதை மீறி ஒரு பதில் சொன்னேனா? இல்லை. கேள்வியைச் சொல்லிக் கொடுத்தேனா? அதுவும் இல்லை. மண்டியிலும் நான் விலை சொன்னதே கிடையாது அம்மாடி. விலை வாங்குகிறவன் வாயிலிருந்துதான் வர வேண்டும். ஆனால் கேட்க வந்தவன் வாயடைத்து நின்றால், ஏலக்காரன் சும்மா இருக்க முடியுமா?

பிள்ளை மாத்திரையை நீட்டும். நான் வாங்கமாட்டேன். அதன் கண்ணைப் பார்த்து, உதட்டளவில், ஒரு தரம் என்பேன். முழிக்கும். ரெண்டு தரம் என்பேன். என் சட்டைப்பையை, உள்ளே வலி மாத்திரை அட்டை இருக்கிறதே, அதை லேசாகத் தட்டுவேன். மூணு தரம் சொல்ல வாயெடுப்பதற்குள், அய்யா வேற ஏதாவது மாத்திரை சாப்பிடுறீங்களா என்று வந்து விழும். அவ்வளவுதான். அப்புறம் நீ எழுதிக் கொடுத்த பதிலை ஒரு எழுத்து பிசகாமல் சொன்னேன்.

(இதை எழுதும்போதுதான் எனக்கே தெரிகிறது. தலையில் அடித்துக்கொண்டேன். அத்தை.)

தட்ட வேண்டியிராத பிள்ளைகளும் இருந்தார்கள். யார் யாருக்குத் தட்டினேன் என்று வரிசையாகச் சொல்கிறேன், அத்தை தனித்தாளில் எழுதுகிறாள். முதலில் வந்த நெட்டையனுக்கு இல்லை. அடுத்து வந்த தண்ணீர்க்காரனுக்கு ரெண்டு தரம். நடுக்கக்காரிக்கு மூணாவது தரம் பாதி வரை போனேன்.

நான் ஏதாவது கெடுத்துவிட்டேனா? இவள் முகத்தைப் பார்த்தால் அப்படித்தான் தெரிகிறது.

மாமா


மே 16

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை வாசித்து அழுதேன், பிறகு உங்கள் மகன் அதையே ஏலம் விடுவது போல உரக்க வாசிக்க, இருவரும் நாற்காலியிலிருந்து விழாத குறை. கெடுத்தீர்களா என்றால், ஆமாம் மாமா, நன்றாகவே கெடுத்தீர்கள். ஆனால் என்ன செய்தீர்கள் என்பதை மறைக்காமல் சொன்னீர்கள். நானும் மறைக்கவில்லை. சொந்த மாமனாரை வைத்ததும், ஒத்திகையில் இதைக் கவனிக்காமல் விட்டதும் என் தவறு என்று எழுதி, அத்தை எழுதிய தாளின் நகலோடு குழுவுக்கு அனுப்பினேன். மேடம் மதிப்பெண் தாளோடு ஒத்துப் பார்த்தார். யார் எந்த அணி என்று இப்போதும் எழுத மாட்டேன், ஆனால் நீங்கள் தட்டியதைக் கழித்துப் பார்த்தால் அறைக்குப் பலன் தெரிகிறது.

குழு கூடியபோது ஒரே சிரிப்பாம். தலைவர் மட்டும், அந்தப் பெரியவர் கடைசியில் எவ்வளவுக்கு முடித்தார் என்று கேட்டாராம். இன்னொரு முறை தேர்வு வைக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். புது வியாதி, புது நோயாளி. தவறினால் அறை போயிற்று.

மேடம் அங்கே நாலைந்து பேரை வைத்துப் பார்த்திருக்கிறார். எல்லாருக்கும் இளகிய மனசு, கண்ணாலேயே சொல்லிக் கொடுத்துவிடுகிறார்கள். கேட்டால் மட்டும் பேசுகிற ஆள் வேண்டும். அத்தை, இது உங்களுக்கு. நீங்கள் வருவீர்களா? யார் எந்த அணி என்று உங்களுக்குத் தெரியாத வரை உறவு தடையில்லை என்று குழு சொல்லிவிட்டது. மாமா மட்டும் அந்தக் கதவுக்கு உள்ளே வரக்கூடாதாம். இது மேடத்தின் நிபந்தனை.

அன்புடன்,
உங்கள் மருமகள்


ஜூன் 20

அன்பு மருமகளுக்கு,

நாங்கள் இருவரும் நலம்.

கதவுக்கு வெளியே போட்ட மாமா சொல்வது. நேற்றுத் தேர்வு. என்னைத் தாழ்வாரத்தில் ஒரு நாற்காலியில் உட்கார்த்திவிட்டார்கள். பிள்ளைகள் என்னைக் கடந்துதான் உள்ளே போக வேண்டும். ஒவ்வொருவரும் என் முகத்தைப் பார்க்கிறார்கள். நான் சுவரைப் பார்க்கிறேன். வாய்க்குள் நாக்கு துள்ளுகிறது. கடைசியில் கைக்குட்டையை எடுத்துக் கடித்துக்கொண்டேன். வழியே போன தோட்டக்காரர், பல்வலியா அய்யா என்று கேட்டுப் போனார்.

வெளியே வந்தவர்கள் முகத்தைப் பார்க்கணுமே. தண்ணீர்க்காரன் என் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்து, உங்க வீட்டம்மா செல மாதிரி உக்காந்திருக்காங்க அய்யா, ஒரு வார்த்தை வர மாட்டேங்குது என்றான். எத்தனையோ வியாபாரிகளிடம் விலையைக் கறந்த நான், இத்தனை வருஷத்தில் அவளிடம் ஒன்றும் கறந்ததில்லை, நீ எம்மாத்திரம் என்றேன். அது தேர்வு முடிந்த பிறகு சொன்னது, மேடத்திடம் சொல்லிவிடு.

சில பிள்ளைகள் சிரித்துக்கொண்டும் வந்தார்கள். அதை வைத்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. அறை போனால் என்னால் போனதாகிவிடும். முடிவு வந்ததும் எழுது.

மாமா


ஜூன் 21

என் கண்ணு,

இது மாமா சொல்லி எழுதுவதல்ல. அவர் தூங்குகிறார். நேற்று எழுதிய கடிதத்தோடு இதையும் ஒரே உறையில் வைக்கிறேன்.

ஒவ்வொரு கடிதத்திலும் நாங்கள் இருவரும் நலம் என்று அவர் சொல்வார், நான் எழுதுவேன். அதில் ஒருவர்தான் நலம். எனக்குக் கொஞ்ச காலமாக எழுந்து நின்றால் தலை சுற்றுகிறது. கொதிப்பு மாத்திரையைக் கூட்டிக் கொடுத்ததிலிருந்து. மருந்துக்கடையிலோ மருத்துவரிடமோ போனால், எப்படி இருக்கு என்று என்னைப் பார்த்துத்தான் கேட்பார்கள். அவளுக்கென்ன, நல்லா இருக்கா என்று இவர் சொல்லிவிடுவார். கேட்டவர்களும் அடுத்த ஆளைப் பார்ப்பார்கள். அவர் பொய் சொல்லவில்லை. நான் நன்றாக இருக்கிறேன் என்று அவருக்கு அவ்வளவு நம்பிக்கை. அதைக் கலைக்க எனக்கு மனசு வரவில்லை.

முந்தாநாள் தேர்வில் கடைசியாக வந்தது அந்த நடுக்கக்காரி. கேட்க வேண்டியதில் பாதியைக் கேட்கவில்லை. மணி அடித்தது, போனாள். நானும் எழுந்தேன். கதவு வரை போனவள் திரும்பி வந்தாள்.

“அம்மா, தேர்வு முடிஞ்சிருச்சு. மார்க்குக்காகக் கேக்கல. எழுந்திரிக்கும்போது மேசையைப் பிடிச்சீங்களே, அது நடிப்பா?”

இல்லம்மா என்றேன். அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு என் எதிரே உட்கார்ந்தாள். எப்போதிலிருந்து, எந்த மாத்திரை, எத்தனை மணிக்கு, விழுந்தீர்களா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கை நடுங்கவில்லை. மாத்திரையை நீங்களே நிறுத்திவிடாதீர்கள், எழும்போது கொஞ்சம் உட்கார்ந்து எழுங்கள், இந்த வாரமே மருத்துவரைப் பாருங்கள் என்றாள். என்னையே பார்த்துக் கேட்டு, என் பதில் முடியும் வரை ஒருவர் காத்திருந்தது எனக்குப் புதுசாக இருந்தது.

அவரிடம் நானே சொல்லிக்கொள்கிறேன். நீ பதறாதே.

அத்தை


ஆகஸ்ட் 2

அன்புள்ள மாமாவுக்கும் அத்தைக்கும், இந்தத் தடவை முதலில் அத்தைக்கு,

மருத்துவர் மாத்திரையைப் பாதியாகக் குறைத்தார் என்று உங்கள் மகன் போனில் கேட்டுச் சொன்னார். இப்போது சுற்றல் எப்படி என்று உங்கள் கையால் எழுதுங்கள்.

இனி விஷயம். பழகிய அணிக்கும் பழகாத அணிக்கும் நடுவே ஒரு மைதானமே இருக்கிறது. அத்தையிடமிருந்து ஒரு வார்த்தை கறக்கப் பழகாத பிள்ளைகளால் முடியவில்லை. பழகியவர்கள் கேட்டுக் கேட்டு வாங்கிவிட்டார்கள். நிதி வந்துவிட்டது. இரண்டு வருஷத்துக்கு. சாவி மேடத்திடமே இருக்கிறது. அங்கே எல்லாப் பிள்ளைகளுக்கும் அறை திறக்கிறார்கள்.

அந்த நடுக்கக்காரி பழகாத அணி, அத்தை. தேர்வில் அவளுக்குக் குறைந்த மார்க்தான். மணி அடித்த பிறகு அவள் கேட்டதற்கு எங்கள் கணக்கில் கட்டமே இல்லை. அதை எங்கே எழுதுவது என்று தெரியாமல், உங்கள் அனுமதி கேட்டு வாங்கியபடி, அறிக்கையின் கடைசிப் பக்கத்தில் எழுதினேன். குழு அந்தப் பக்கத்தைத்தான் அதிகம் பேசியதாம். கூட வந்தவர் நோயாளிக்காகப் பதில் சொல்லிவிட்டால் மாணவர் என்ன செய்ய வேண்டும்? எங்கள் பாடத்தில் இது எங்கேயும் இல்லை. அடுத்த வருஷம் நாங்கள் ஆராயப் போவது இதைத்தான்.

இதற்கு இரண்டு பேர் வேண்டும். ஒரு மனைவி. அவரை வாய் திறக்க விடாத ஒரு கணவர். மாமா, மேடம் உங்களைக் கதவுக்கு உள்ளே அழைக்கிறார். இந்தத் தடவை நீங்கள் எவ்வளவு பேசினாலும் ஆராய்ச்சி கெடாது, பேசாவிட்டால்தான் கெடும்.

மிகுந்த சந்தோஷத்துடன்,
உங்கள் மருமகள்


ஆகஸ்ட் 30

அன்பு மருமகளுக்கு,

நான் நலம். உன் அத்தை தன் நலத்தைத் தானே எழுதுவாள், கொஞ்சம் பொறு. (சுற்றல் நின்றுவிட்டது. படியேறினால் மட்டும் மூச்சு வாங்குகிறது, அதையும் மருத்துவரிடம் சொல்லியிருக்கிறேன். அத்தை.)

அவள் என்னிடம் சொன்ன அன்று, எந்தக் கடை, எந்த மருத்துவர், அவளுக்கென்ன நல்லா இருக்கா என்று நான் எங்கெங்கே சொன்னேன் என்பது ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. இப்படி ஒரு ஞாபகசக்தி இல்லாமலிருந்தால் தேவலை என்று அன்றைக்குத்தான் நினைத்தேன். மருத்துவரிடம் போனபோது கேட்டதற்கெல்லாம் அவளே சொன்னாள். நான் விசிறியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அறையில் முதல் ஒத்திகை. புதிதாக வந்த பிள்ளை ஒருத்தி. இருவரும் போய் நின்றோம். அவள் உன் அத்தையைப் பார்த்து, உடம்புக்கு எப்படிம்மா இருக்கு என்றாள். உன் அத்தை வாயைத் திறந்தாள். நான் குறுக்கே விழ வேண்டும், அதுதான் என் வேடம். எனக்கு வரவில்லை அம்மாடி. அவள் சொல்லட்டும் என்று நின்றுவிட்டேன். அவளும் பாதியில் நிறுத்தி என்னைப் பார்க்கிறாள்.

மணி மேடம் மணியைத் தட்டினார். “அய்யா, நீங்கதான் பேசணும். அவங்களைப் பேச விடக்கூடாது.”

“எப்படிங்க, அவளைத்தானே கேக்குறாங்க.”

மேடம் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். மறுபடி ஆரம்பித்தோம். மறுபடியும் நின்றுவிட்டேன். மூன்றாம் முறை உன் அத்தை மேசைக்கடியில் என் காலை ஒரு மிதி மிதித்து, “சும்மா பேசுங்க. எனக்குக் கோவம் வராது” என்றாள்.

அப்புறம் பேசினேன் பார். பக்கத்து வகுப்பில் பாடத்தை நிறுத்திவிட்டார்களாம். அந்தப் பிள்ளை சளைக்கவில்லை. அய்யா, உங்க கிட்டயும் கேக்குறேன், முதல்ல அம்மா சொல்லட்டும் என்று கையைக் காட்டி என்னை நிறுத்திவிட்டு, உன் அத்தை பக்கம் திரும்பிவிட்டாள். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். கைதட்டிவிட்டேன். மேடம் இன்னொரு முறை மணி அடித்தார்.

நாளைக்கும் ஒத்திகை இருக்கிறது. கைதட்டக்கூடாது என்று சொல்லியிருக்கிறார்கள்.

உங்கள் எல்லாரையும் நெஞ்சில் வைத்திருக்கும்,
மாமாவும், தனியாக அத்தையும்